கூகைக் குஞ்சைக் கண்டால் வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள்

போன தை மாதம் எங்கள் தெருவில் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த ஓட்டு வீடு ஒன்றைப் பிரித்தார்கள். பரண் மூலையில் ஐந்து குஞ்சுகள் இருந்தன. பஞ்சை ஒட்டி வைத்ததுபோல் வெள்ளை உடம்பு, தட்டையான முகம். ஆள் கிட்டே போனதும் பாம்பு மாதிரி சீறின. "சாக்குருவிங்க. அடிச்சுப் போட்டுட்டு வேலையைப் பாருங்க" என்றார் ஓடு இறக்கிக்கொண்டிருந்தவர். வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை, எனக்கு ஆள் அனுப்பினார்.

அவை கூகைக் குஞ்சுகள். மூத்தது கடைசிக் குஞ்சைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. தாய்க் கூகை முதல் முட்டை இட்டதுமே அடைகாக்க உட்கார்ந்துவிடும். அதனால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரியாமல் நாள் விட்டு நாள் பொரியும். இது தெரியாமல் சிறிய குஞ்சை நோஞ்சான் என்று நினைத்து எடுத்துப் போகிறவர்கள் உண்டு.

நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவன்தான். பதினைந்து வருடத்துக்கு முன்பு, காற்றில் சாய்ந்த மரத்தடியில் கிடந்த இரண்டு ஆந்தைக் குஞ்சுகளைப் பரிதாபப்பட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். பிள்ளைகள் கூடிக்கொண்டார்கள். பசும்பாலை இங்க் பில்லரில் எடுத்து வாயில் விட்டோம், பால்சோறு ஊட்டினோம். ஒன்று மறுநாளே செத்தது, மற்றது மூன்றாம் நாள். விதி என்று அன்று சொல்லிக்கொண்டேன். விதியில்லை, நான் ஊற்றிய பால்தான் கொன்றது. பறவைக்குப் பால் செரிக்காது. அதைவிட மோசம், பறவையின் மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. நாம் அலகைப் பிளந்து ஊற்றுவது தண்ணீரானாலும் நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

இதை இந்தப் பக்கத்தில் எழுதக் காரணம் இருக்கிறது. அடிபட்ட பறவையையும் தாயைப் பிரிந்த குஞ்சையும் முதலில் பார்ப்பது வனத்துறையோ மருத்துவரோ அல்ல, வயலில் நிற்கும் நீங்கள்தான். முதல் ஒரு மணி நேரத்தில் உங்கள் கை என்ன செய்கிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. பெரும்பாலான சமயங்களில் கை சும்மா இருந்தாலே போதும்.

குஞ்சைப் பார்த்தால் முதலில் இறகைக் கவனியுங்கள். உடம்பெல்லாம் இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போனால் அது பறக்கப் பழகும் குஞ்சு. மைனா, கொண்டைக்குருவி எல்லாமே இப்படி ஓரிரு நாள் தரையில் திரியும். தாய் பக்கத்து மரத்தில் இருந்துகொண்டு இரை கொடுக்கும். பூனை, நாயை விரட்டிவிட்டு, குஞ்சை ஒரு புதர் மேல் ஏற்றி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை தாய் வராது. அறுவடை மிஷின் வரும்போது ஓடும் கானாங்கோழி, காடை, ஆள்காட்டிக் குஞ்சுகள் வேறு வகை. பொரித்த கொஞ்ச நேரத்திலேயே அவை ஓட ஆரம்பித்துவிடும், தாயோடு சேர்ந்து தாமே இரை பொறுக்கும். அவற்றைப் பிடித்துக் கூடையில் போடுவதுதான் ஆபத்து. வரப்போரமாக விட்டுவிட்டால் தாய் குரல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளும். மிஷின்காரரிடம் அந்த மூலையைக் கடைசியாக அறுக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டைத் தேடி அதிலேயே திரும்ப வைக்க வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று என் பாட்டி சொல்வார், உங்கள் பாட்டியும் சொல்லியிருப்பார். அது தப்பு. வாடை பிடித்துக் குஞ்சைத் தள்ளிவைக்கும் வழக்கம் பறவைக்கு இல்லை.

அடிபட்ட பறவை என்றால்தான் அட்டைப்பெட்டி தேவை. தடித்த துண்டையோ சாக்கையோ தலையோடு போர்த்தி எடுங்கள். கண் மறைந்தாலே பாதி பயம் போய்விடும். ஆந்தை, பருந்து வகைகளுக்கு அலகைவிடக் கால் நகம்தான் ஆயுதம், கால்களைச் சேர்த்துப் பிடியுங்கள். பெட்டியில் நாலைந்து ஓட்டை போட்டு, அடியில் துணி விரித்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். குளிர்ந்து துவண்டிருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் வைக்கலாம். சூடு ஏறுவதற்கு முன் எந்த இரையும் கொடுக்காதீர்கள், குளிர்ந்த வயிற்றில் செரிக்காது. பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க விடாதீர்கள். பெட்டியைக் கோழிக் கொட்டகைப் பக்கம் கொண்டு போகாதீர்கள், தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஒரே இடத்தில் காக்கையோ கொக்கோ பல செத்துக் கிடந்தால் தொடவே வேண்டாம். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

காயமே இல்லாமல் பகலில் வரப்பில் தலை தொங்க உட்கார்ந்திருக்கும் கூகையைப் பார்த்திருக்கிறீர்களா? நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் பக்கத்து வயல்களில் எலிக்கு புரோமடியோலோன் வில்லை வைத்திருந்தார்கள். அந்த மருந்து தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையாமல் போய், பல நாள் தள்ளாடிச் சாகும். தள்ளாடும் எலிதான் கூகைக்குச் சுலபமான இரை. எலியின் உடம்பிலிருக்கும் மருந்து கூகையின் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் அதுவும் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும். சீக்கிரம் கொண்டுபோனால் வைட்டமின் கே ஊசி போட்டுக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அதனால் மருத்துவரிடம் போகும்போது வயலில் என்ன மருந்து வைத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கூகையை உட்கார வைக்க வயலில் டி வடிவக் குச்சி நடச் சொல்கிறோம், நட்டும் வைக்கிறோம். அதே வயலில் மருந்து வில்லையும் வைக்கிறோம். இது கூலிக்கு ஆள் கூப்பிட்டுச் சோற்றில் விஷம் வைப்பதற்குச் சமம். கூகை அடையும் பக்கத்தில் எலிக் கிட்டி வைப்பதே சரி என்பது என் கருத்து. கிட்டிக்காரருக்குக் கூலி கொடுக்க வேண்டும்தான், ஆனால் செத்த எலி கையில் வரும், கணக்கு தெரியும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். "தூக்கிப்போனா கேஸ் போடுவாங்க சார்" என்ற பயத்தில் எத்தனையோ பறவைகள் வரப்பிலேயே சாகின்றன. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையைக் கூண்டில் வளர்ப்பது குற்றம், உண்மைதான். அந்தச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. அப்படி ஓர் உயிர் உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். காப்பாற்றி எடுத்த அன்றே வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்துவிடுவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. யாருக்கும் சொல்லாமல் ஒரு மாதம் வைத்திருந்து, "பழகிடுச்சு" என்று தோளில் உட்கார வைத்துப் படம் எடுத்துப் போடுவதுதான் வம்பு. பறவைக்கும் அது நல்லதல்ல. மனிதன் கையில் தின்று வளர்ந்த கூகைக்கு எலி பிடிக்கத் தெரியாது, நாயைக் கண்டால் பயப்படவும் தெரியாது.

மயில் பற்றிக் கேட்பீர்கள். நெல்லும் கடலையும் மிளகாய் நாற்றும் போனவனிடம் போய் மயிலுக்கு வைத்தியம் பார் என்று சொல்ல எனக்கும் வாய் வராது. என் வரப்பிலும் மயில் மேய்கிறது, இழப்பீடு கேட்டு நானும் அலைந்திருக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் மயில் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. கால் ஒடிந்து கிடக்கும் மயிலின் மேல் அந்தக் கோபத்தைக் காட்டினால் ஜெயிலுக்குப் போவது நாம்தான். பயிர்ச்சேதத்துக்குச் சண்டை போட வேண்டிய இடம் வேறு.

குறை முழுவதும் விவசாயி மேல் இல்லை. வனச்சரக அலுவலகம் பல ஊர்களுக்கு வெகுதூரம். அடிபட்ட பறவையோடு கால்நடை மருந்தகத்துக்குப் போனால் "இது எங்க வேலை இல்லை, வனத்துறைக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பிய அனுபவம் எனக்கும் உண்டு. அந்த மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் அதே கேஸ் பயம்தான். வனத்துறையும் கால்நடைத் துறையும் பேசி, முதலுதவி பார்த்து ஒருநாள் வைத்திருக்கலாம் என்று எழுத்தில் கொடுத்தால் இந்த அலைச்சல் தீரும். அதுவரை, இதைப் படிக்கும் உதவி வேளாண்மை அலுவலர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் பகுதி வனச்சரகத்தின் தொலைபேசி எண்ணை விரிவாக்க மையத்தின் சுவரிலும், கூட்டுறவுச் சங்கத்தின் வாசலிலும் பெரிதாக எழுதி வையுங்கள். உர விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் எழுதினால் எல்லார் கண்ணிலும் படும்.

எங்கள் தெரு விஷயத்துக்கு வருகிறேன். அன்று வனக்காப்பாளருக்குப் போன் செய்தோம், மறுநாள் காலை வந்தார். வீட்டுக்காரர் பின்கட்டை மட்டும் ஒரு மாதம் பிரிக்காமல் விட ஒப்புக்கொண்டார். பழைய பலகையில் இரண்டடி நீளம், ஒன்றரை அடி உயரத்தில் பெட்டி அடித்து, குஞ்சு தவறி விழாதபடி வாசலை மேலே வைத்து, குஞ்சுகளை உள்ளே விட்டுப் பின்கட்டின் உத்தரத்தில் கட்டினோம். முதல் இரவு எட்டு மணிக்கு மேல் வெள்ளையாக ஒன்று சத்தமில்லாமல் வந்து ஓட்டில் உட்கார்ந்தது. பெட்டிக்குள்ளிருந்து சீறல் கேட்டது. போய்விட்டது. இரண்டாம் முறை வந்தபோது காலில் எலி இருந்தது.

கடைசிக் குஞ்சு நாலாம் நாள் செத்தது. மற்ற நாலும் மாசி முடிவதற்குள் பறந்துவிட்டன. வீட்டுக்காரர் பின்கட்டையும் பிரித்துவிட்டார். பெட்டி இப்போது எங்கள் களத்து மோட்டார் கொட்டகையில் இருக்கிறது. இன்னும் எதுவும் வந்து அடையவில்லை.