பொய்யானால் மோசம், மெய்யானாலும் ஹராம்!

உழைத்து உண்பதைப் பெரிதும் போற்றும் மார்க்கம் இஸ்லாம். தன் கையால் உழைத்து உண்ணும் உணவைவிடச் சிறந்த உணவு எவருக்கும் இல்லை என்றும், தாவூத் நபி (அலை) அவர்களும் தம் கையுழைப்பிலேயே உண்டார்கள் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். கோவில்பட்டிக் கரிசல் மக்களுக்கு இது புதிய பாடமன்று. ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் விதைப்போரும், தீப்பெட்டி ஆலையில் கை ஓயாது உழைப்போரும், கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுவோரும் ஒவ்வொரு ரூபாயின் அருமையையும் அறிந்தவர்கள்.

அத்தகையோர் வாசலிலேதான் இன்று ஒரு தூண்டில் வந்து தொங்குகிறது. மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் அக்கடிதங்களின் வேடம் பல. வெளிநாட்டில் வாரிசின்றி இறந்த செல்வரின் வைப்புப் பணம் கோடிக்கணக்கில் கிடக்கிறது என்பது ஒன்று. கே.பி.சி. தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரால் உங்கள் எண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் பரிசு விழுந்தது என்பது மற்றொன்று. வேடம் எதுவாயினும் முடிவு ஒன்றே: முன்கட்டணமாகச் சில ஆயிரம் அனுப்புங்கள், அல்லது வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணையும் தெரிவியுங்கள். அனுப்பியபின் வரி என்பார்கள், முத்திரைக் கட்டணம் என்பார்கள். விதைக்கென வைத்த பணமும் போய்விடும்.

இக்கடிதம் பொய் என்று எச்சரிப்போர் பலர். நாம் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். இது மெய்யாகவே இருந்தால், ஒரு முஸ்லிம் இப்பணத்தைத் தொடலாமா?

இறந்தவரின் உறவினர் எனப் பொய்யாகக் கையொப்பமிடுங்கள், பங்கிட்டுக்கொள்வோம் என்பதே முதற்கடிதத்தின் சாரம். வாரிசுகளின் பங்கைத் திருக்குர்ஆன் அந்நிஸா அத்தியாயத்தில் இறைவனே வகுத்தளித்திருக்க, உறவற்ற ஒருவரின் சொத்தைப் பொய் சொல்லிப் பெறுவது திருட்டன்றி வேறென்ன? வழியில் கண்டெடுத்த பணப்பையைக்கூட உரியவரைத் தேடி ஓராண்டு அறிவிக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. பரிசுச்சீட்டோ, சூதாட்டத்தைச் சார்ந்தது. மதுவோடு சேர்த்து அருள்மறை விலக்கியது (5:90). தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டு முதல் அரசும் அதைத் தடை செய்துள்ளது. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுவது எங்ஙனம்? ஆக, கடிதம் பொய்யானால் மோசம், மெய்யானாலும் ஹராம். ஈமான் உடையவருக்கு இரண்டிலும் வேலையில்லை.

இன்னும் கொடிய ஒரு வேடம் உண்டு. ஸலாம் கூறித் தொடங்கும் கடிதம் அது. நோயுற்று மரணத்தை எதிர்நோக்கும் சகோதரி ஒருத்தி, தன் செல்வத்தைப் பள்ளிவாசலுக்கும் அநாதைகளுக்கும் உங்கள் வழியாக வழங்க விரும்புவதாக எழுதுவாள். மனம் இளகும். ஆனால் செய்தி கொண்டு வருபவன் தீயவனாயின் தீர விசாரித்தறியுமாறு இறைவன் கட்டளையிட்டுள்ளான் (49:6). முகமறியாதவரின் ஸலாம் அவருடைய நாணயத்துக்குச் சான்றாகாது. பெங்களூருவில் ஹலால் முதலீடு என்று கூறி வைப்புத்தொகை திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019-இல் முறிந்தபோது, சேமிப்பை இழந்தோர் பல்லாயிரவர், பெரும்பாலோர் முஸ்லிம்களே.

நமக்கு உரிமையான உதவியின் பெயராலும் வஞ்சகர் வருகின்றனர். உழவர்க்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பி.எம்.கிசான் திட்டத்தின் பெயரில் போலிச் செயலிகள் வாட்ஸ்அப்பில் உலவுகின்றன. அத்தவணை நேரே வங்கிக் கணக்கில் வருவது, அதற்குக் கட்டணமில்லை. அரசின் இணைய முகவரி ‘.கவ்.இன்’ என முடியும். அச்சொல்லை நடுவில் மட்டும் வைத்து முடிவில் வேறொன்றை ஒட்டியிருப்பின் அது போலி. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. கொடுப்பதற்கே அது தேவை. இன்றைக்குள் பதிலளிக்காவிட்டால் பணம் திரும்பிவிடும் என அவசரப்படுத்துவது வஞ்சகரின் வழக்கம். ரிசர்வ் வங்கி பரிசுப்பணம் தருவதாக எவருக்கும் மின்னஞ்சல் அனுப்புவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

நம் இளைஞர்க்கு ஒரு சொல். உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, கமிஷன் தருகிறோம் என்று கேட்போர் உளர். அக்கணக்கின் வழியே போவது ஏதோ ஓர் ஏழைத்தாயின் சேமிப்பு. கமிஷன் வாங்கியவன் அத்திருட்டின் பங்காளி. காவல்துறை முதலில் தேடி வருவதும் அவனையே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்டபோது, தம்மைக் கொல்லத் துணிந்த மக்கத்தாரின் அமானிதப் பொருள்களையும் உரியவரிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். ‘அல்அமீன்’ எனப் புகழ்பெற்ற அப்பெருமானாரின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப்புலவர் அடக்கமாகியிருப்பது இக்கரிசல் மண்ணின் எட்டயபுரத்தில் அன்றோ? அம்மண்ணின் பிள்ளைகள் தம் பெயரையும் கணக்கையும் அமானிதமாகக் காக்க வேண்டாமா?

ஏமாந்தவரை எள்ளி நகையாடுவது நமக்கு அழகன்று. நகைப்புக்கு அஞ்சியே பலர் வாய்மூடுகின்றனர். அம்மௌனமே வஞ்சகருக்குப் பாதுகாப்பு. பணம் போனதும், தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்துச் சொன்னால், அது கைமாறுமுன் முடக்கப்பட வாய்ப்புண்டு. விதி என்று இருந்துவிடுவது தவக்கல் ஆகாது; ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்ன மார்க்கம் இது. ஜமாஅத்தார் ஜும்ஆவுக்குப்பின் ஐந்து நிமிடம் இதனை எடுத்துரைக்கலாம். படித்த பிள்ளைகள், ஐயம் தரும் எந்தக் கடிதத்தையும் தம்மிடம் காட்டலாம் என்ற துணிவைப் பெற்றோருக்கு அளிக்கலாம்.

வஞ்சகரின் சூழ்ச்சியினின்றும் நம் உள்ளத்துப் பேராசையினின்றும் வல்ல அல்லாஹ் நம்மைக் காத்து, ஹலாலான ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.