உழைத்த காசும் ஊர் சேரும் வழியும்

சிங்கையில் கட்டுமானப் பணியிலிருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற கோடையில் விடுப்பில் வந்திருந்தார். வந்தவர், திங்கள்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பிய சீட்டுகளைக் கற்றையாக எடுத்து நம்முன் வைத்தார். “ஐயா, கட்டணமே இல்லை என்று கடைவாயிலில் எழுதிப் போட்டிருக்கின்றார்கள். ஆயினும் அம்மா கைக்குச் சேரும் தொகை நான் போடும் கணக்கிற் குறைகின்றது. அது எங்கே போகின்றது?” என்று கேட்டார். யாப்பும் அணியும் கற்பித்த நாம் இதனைக் கற்பிக்கத் தவறினோமே என்று நாணினோம். அன்று இருவருமாக அமர்ந்து பார்த்த கணக்கையே அன்பர்கட்கு ஈண்டு உரைக்கின்றோம். கடல்கடந்த பிள்ளையோ மருமகனோ இல்லாத தெரு இன்று தமிழகத்தில் அரிது.

இழப்பு மாற்றுவிலையில் ஒளிந்திருக்கின்றது. வெள்ளியை உருபாவாக மாற்றுங்கால் பெரிய வைப்பகங்கள் (வங்கிகள்) தமக்குள் கொடுத்து வாங்கும் நடுவிலை ஒன்றுண்டு. பணம் அனுப்பும் கடைக்காரர் அதிற் சிறிது குறைத்தே நமக்குத் தருவார். அக்குறைவே அவர்தம் வருவாய். வெள்ளி ஒன்றுக்கு நடுவிலை 60 உருபா என்றும், கடையின் விலை 58.80 என்றும் ஒரு பேச்சுக்குக் கொள்வோம். 500 வெள்ளி அனுப்பினால் 600 உருபா ஓசையின்றிக் கழிந்துவிடும். ஆண்டுக்கு 7,200 உருபா. அடுத்த கடையோ 5 வெள்ளி கட்டணம் கேட்கின்றது, ஆனால் 59.80 தருகின்றது. அங்கே இழப்பு, கட்டணமும் சேர்த்து, 400 உருபாவே. கட்டணமில்லாக் கடையினும் கட்டணம் வாங்கும் கடை மலிவாகின்றது! எனவே, “இத்தனை வெள்ளி கொடுத்தால் ஊரில் எத்தனை உருபா கையில் விழும்?” என்று ஒரே கேள்வியை மூன்று கடைகளிற் கேட்டுவிட்டுப் பிறகு பணத்தை எடுக்கவேண்டும்.

வைப்பகத்தின் வழியே நேராக அனுப்பினாலும் கூலி உண்டு. 1973-இல் பெல்சியத்தில் நிறுவப்பெற்ற ‘சுவிப்ட்டு’ என்னும் அமைப்பு பணத்தைச் சுமந்து செல்வதில்லை. செய்தியை மட்டுமே சுமக்கின்றது. இரு வைப்பகங்கட்கிடையே நேர்க்கணக்கு இல்லையாயின் மூன்றாவதொன்று இடையில் நுழையும். நுழைந்ததற்குக் கூலியும் எடுத்துக்கொள்ளும். இச்செலவை 2030-க்குள் 3 விழுக்காட்டிற்குக் கீழ்க் கொணர்வதென ஒன்றிய நாடுகள் அவை 2015-இல் இலக்கு வகுத்தது. உலகளவிலோ அது இன்னும் 6 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கின்றது. போட்டி மிகுந்த சிங்கையில் அவ்வளவு இல்லை. 2023 பிப்பிரவரி 21 முதல் அந்நாட்டின் ‘பேநௌ’வும் இந்தியாவின் ‘யு.பி.ஐ.’யும் இணைக்கப்பெற்று, கைப்பேசி எண்ணைக் கொண்டே பணம் அனுப்பும் வழியும் பிறந்துள்ளது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 60,000 உருபா வரை என்று வரம்பிட்டனர். ஒரு தொழிலாளியின் திங்கள் அனுப்புகைக்கு அது போதும்.

கடல்கடந்து பணம் அனுப்பும் கலை தமிழனுக்குப் புதியதன்று. ஈழத்திலும் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்த நகரத்தார், இரங்கூனில் பணத்தைப் பெற்றுக்கொண்டு ஓர் உண்டியல் எழுதித் தந்தால் அதனைக் காட்டிச் சென்னையிலோ செட்டிநாட்டிலோ பணம் பெறலாம். கண்டவுடன் தருவதும் உண்டு. தவணை முடிந்து தருவதும் உண்டு. பேரேடும் ஐந்தொகையும் தமிழிலேயே எழுதினர். அயல்நாட்டு வாணிகத்தின் கணக்கைத் தமிழ் தாங்காது என்பார் அவ்வேடுகளைப் புரட்டிப் பார்க்கட்டும். (அவர்தம் கடனால் 1930-களின் பொருளியல் வீழ்ச்சியில் பர்மிய உழவர் பலர் நிலமிழந்தனர் என்பதனையும் மறைத்தல் நேர்மையன்று.) அம்மரபில் வந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்பிரவரி 10-இல் இந்தியன் ஓவர்சீசு வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, இரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே நாளில் கதவைத் திறந்தார். 1969-இல் நடுவணரசு அதனை நாட்டுடைமையாக்கிற்று.

அதே உண்டியல் என்னும் பெயரில் இன்று நடப்பதோ வேறு. விடுதிக்கே வந்து வெள்ளியை வாங்கிக்கொண்டு, “மாலைக்குள் ஊரில் பணம்” என்கின்றனர். விலையும் சற்றே கூடுதல். ஆனால் அது சட்டத்திற்குப் புறம்பானது. கைச்சீட்டு இல்லை, ஆள் மறைந்தால் முறையிட இடமில்லை. ஊரில் நம் கணக்கிற் போடப்படும் பணம் எவனோ ஒருவனை ஏமாற்றிப் பறித்ததாகவும் இருக்கலாம். அவ்வாறாயின் காவல்துறை முடக்குவது நம் அன்னையின் கணக்கை. நூறு இருநூறு உருபா மிச்சத்திற்கு இத்தனை இடரா?

நம் மாணவரின் சீட்டுகளிலிருந்து இன்னொன்றும் வெளிப்பட்டது. கல்லூரிக் காலத்திற் தொடங்கிய பழைய சேமிப்புக் கணக்கிற்கே இன்னமும் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். வேலைக்கென வெளிநாடு சென்றவர் அயற்செலாவணிச் சட்டப்படி அக்கணக்கை ‘என்.ஆர்.ஓ.’ கணக்காக மாற்றிக்கொள்ளவேண்டும். அதன் வட்டிக்கு வரி பிடிப்பர். வெளிநாட்டு வருவாயைப் போடுதற்கு ‘என்.ஆர்.இ.’ கணக்கு உண்டு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமானவரி இல்லை. பணத்தைத் தடையின்றித் திரும்ப வெளிநாட்டிற்கு எடுத்துச் செல்லலாம். ஊரிலுள்ள நெருங்கிய உறவினரை அதில் உடன்சேர்க்கவும் வழியுண்டு. இவ்வளவும் அவர்க்கு ஏழாண்டுகளாகத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தாலும் எம்மொழியிற் சொல்லியிருப்பர்? கணக்கை மாற்றும் பொருட்டு அவர்தம் அன்னையாரோடு ஒரு வைப்பகக் கிளைக்கு நாமும் சென்றோம். ஊர்ப்பெயர் வேண்டா. படிவம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. நான்கு பக்கங்களில் பதினோரு இடங்களில் அவ்வம்மையார் ஒப்பமிட்டார். ஒரு வரியும் அவர்க்கு விளங்கவில்லை. தமிழ்ப் படிவம் கேட்டோம். அலுவலர் நம்மை வியப்போடு நோக்கி, “இதற்கெல்லாம் தமிழில் வராது ஐயா” என்றார். ஆங்கிலம், இந்தி, அவ்வட்டார மொழி ஆகிய மும்மொழியிலும் வாடிக்கையாளர்க்கான தாள்கள் இருத்தல்வேண்டுமென இந்திய ரிசர்வு வங்கியே அறிவுறுத்தியுள்ளது என்றோம். அவர் மேலாளரைக் காட்டினார். மேலாளர் தலைமையகத்தைக் காட்டினார். தமிழைத் தன் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட நாட்டில் உழைத்த காசு, தமிழ்நாட்டில் வந்திறங்கும்போது தமிழை இழந்துவிடுகின்றது!

தலைமையகத்திற்கு எழுத்து வழி முறையிட்டுள்ளோம். அன்பர்களும் தத்தம் ஊர் வைப்பகத்தில் அயல்வாழ்நர் கணக்கிற்கான தமிழ்ப் படிவத்தைக் கேட்கவேண்டும். இல்லையெனின், இல்லை என்பதனை எழுத்தாற் பெற்று நமக்கு விடுக்கவேண்டும். முப்பது நாளில் மறுமொழி வாராவிடின் அல்லது வந்த மறுமொழி நிறைவளிக்காவிடின் ரிசர்வு வங்கியின் குறைதீர் அலுவலரிடம் செல்ல வழியுண்டு. அதற்குக் கட்டணம் இல்லை. இது மெய்யாகவே கட்டணமில்லாதது.