காலண்டரில் நமது ஊர்ப் படம்

ஆடிப் பதினெட்டு முடிந்ததும் சிவகாசி ஏஜெண்டுகள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக வரத் தொடங்கிவிடுவார்கள். நாமும் கல்லாவில் உட்கார்ந்தபடியே, ஒரு கையால் பருப்புக்குக் காசு வாங்கிப் போட்டுக்கொண்டு, மறு கையால் ஆல்பத்தைப் புரட்டி, பிள்ளையாரில் ஒரு நம்பர், லட்சுமியில் ஒரு நம்பர் என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஜனவரி பிறந்ததும் மீன்சுருட்டி கடைவீதியில் நாலு கடையில் கொடுக்கிற காலண்டரிலும் ஒரே லட்சுமி சிரிக்கிறாள். கீழே உள்ள கடைப் பெயரும் போன் நம்பரும்தான் வேறு. வாடிக்கையாளர் வீட்டு ஆணியில் எது தொங்கும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. முதலில் எது கைக்கு வந்ததோ அது தொங்கும். மற்ற மூன்றும் பரணுக்குப் போகும்.

இந்தப் படங்களை நாம் குறை சொல்லவில்லை. கொண்டைய ராஜூவும் அவருடைய சீடர்களும் கோவில்பட்டியில் இருந்து வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி இந்தியா முழுவதும் சுவர்களில் ஏறின. வருடம் முடிந்த பிறகும் அந்தப் படத்தைக் கிழித்துப் போட மனம் வராமல் கண்ணாடி போட்டு வைத்தவர்கள் ஏராளம். ஆனால் இன்று அதே படத்தை எல்லோரும் கொடுக்கும்போது, கொடுத்தவர் யார் என்பது மறந்துபோகிறது. கொடுத்தவரை நினைவில் வைப்பதற்காகத்தானே நாம் காலண்டர் கொடுக்கிறோம்?

நமது யோசனை இதுதான். இந்த வருடக் காலண்டரில் நமது பகுதிப் படம் ஒன்று இருக்கட்டும். அதை நமது பகுதிப் பையனோ பெண்ணோ எடுத்ததாக இருக்கட்டும். அதற்கு நாம் காசு கொடுப்போம், படத்தின் கீழே பெயரும் போடுவோம்.

படத்துக்கு நமக்குப் பஞ்சமா? விக்கிரவாண்டி - தஞ்சாவூர் சாலையில் சென்னைப் பக்கமிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிற வண்டிகள் நமது கடைவீதியைப் பார்த்துக்கொண்டேதான் போகின்றன. ராஜேந்திர சோழன் கட்டிய அந்தக் கோவில் 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அவனுடைய கடல் கடந்த படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2025 ஜூலை 23 முதல் 27 வரை அங்கே ஆடித் திருவாதிரை விழா நடந்து, கடைசி நாளில் பிரதமர் வந்து போனார். ஐப்பசிப் பௌர்ணமிக்கு அன்னாபிஷேகம். நூறு மூட்டை அரிசி வடித்துச் சாத்துகிறார்கள் என்பதை அரிசி வியாபாரிகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. வடகிழக்கே வீராணம் ஏரி, தெற்கே அணைக்கரை. நமது மாவட்டத்திலேயே கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம், 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து அங்கே வந்து இறங்குகிறது. வந்து படம் எடுத்துப் போகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். நாம் இங்கேயே இருந்துகொண்டு, எங்கோ வரைந்த பனிமலையையும் ரோஜாத் தோட்டத்தையும் காலண்டரில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"சாமி படம் இல்லாவிட்டால் ஜனங்கள் வாங்க மாட்டார்கள்" என்று சில அன்பர்கள் சொல்வார்கள். நியாயமான பேச்சுதான். குங்குமம் வைக்கிற படத்துக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் சாமி இல்லாமல் வேறென்ன? வடக்குப் படிக்கட்டு அருகே சிவபெருமான் சண்டேசருக்குத் தலையில் மாலை சுற்றுகிற சிற்பத்துக்கு ஈடாக எந்த ஆல்பத்தில் படம் இருக்கிறது? முஸ்லிம், கிறிஸ்தவ வாடிக்கையாளர்களுக்கு ஏரியும் பறவையும் இருக்கவே இருக்கின்றன. பாதிக்குப் பாதி அடித்துக்கொள்ளலாம்.

கணக்கும் பார்த்துவிடுவோம். ஒரு காலண்டர் 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 500 காலண்டருக்கு 20,000 ரூபாய். படம் எடுத்தவருக்கு 2,000 ரூபாய் கொடுத்தால் காலண்டர் ஒன்றுக்கு 4 ரூபாய் கூடுகிறது. இலவசமாகக் கொடுக்கிற பொருளுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது என்பதையும் (17(5) பிரிவின் எச் உட்பிரிவு) கணக்குப்பிள்ளையிடம் நினைவுபடுத்திவிடுங்கள். பரணுக்குப் போகிற காலண்டரானாலும் அந்த வரி போனதுதான்.

படத்துக்கு ஏன் காசு, வாட்ஸ்அப்பில் எத்தனையோ வருகிறதே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படமும் சொத்துதான். எடுத்தவரைக் கேட்காமல் அச்சிட்டால் வழக்குக்கும் இடமுண்டு, தண்டனைக்கும் இடமுண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எடுத்த பையன் நமது தெருவிலேயே இருப்பான், அவன் அம்மா நம்மிடம்தான் மளிகை வாங்குவார். அவனுடைய படத்தை நமது கடைப் பெயரோடு அவர் வீட்டுக்கே கொடுத்துவிட்டு, மறுநாள் எப்படி முகம் பார்ப்பது?

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நாமே காசு கொடுத்து, இன்ன படம் வேண்டும் என்று சொல்லி எடுக்கச் செய்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை நமக்கு. அவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த படம் என்றால் உரிமை அவருடையதே. ஒரு வருடக் காலண்டருக்கு மட்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. தொல்லியல் துறைக் கோவில் என்பதால், வியாபார அச்சுக்கு என்று சொல்லியே அவர்களுடைய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். முக்காலி ஸ்டாண்டு வைக்கவும் முன் அனுமதி தேவை.

படம் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வரும். செல்போனில் பளபளக்கும், பதினைந்துக்கு இருபது அங்குலத்தில் அச்சடித்தால் கோதுமை ரவை மாதிரி பொரிந்து நிற்கும். மூலப் படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென்டிரைவில் வாங்குங்கள். அங்குலத்துக்கு 200 புள்ளி வீதம் பார்த்தால் அந்த அளவுக்கு 3000-க்கு 4000 புள்ளி, அதாவது 12 மெகாபிக்சல் வேண்டும். இன்றைய நல்ல செல்போனிலேயே அது கிடைக்கிறது. பெரிய கேமரா இல்லையே என்று எந்தப் பிள்ளையையும் ஒதுக்க வேண்டியதில்லை.

எடுக்கிறவருக்கும் ஒரு வார்த்தை. கோவில் கிழக்கு பார்த்தது. காலை வெயில் முகப்பில் விழும், மாலை வெயில் பின்புற விமானத்தில் விழும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குச் சுவரில் பகல் முழுக்க வெளிச்சம், வடக்குச் சுவர் நிழல். சண்டேசர் சிற்பத்தில் நேர் வெயில் வேண்டுமானால் சித்திரை முதல் ஆடி வரைதான். நிழலிலும் அது அழகுதான், கல்லின் மெருகு மென்மையாகத் தெரியும். கிட்டே நின்று செல்போனை அண்ணாந்து பிடித்தால் சுமார் 180 அடி விமானம் பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி இருக்கும். புல்வெளியின் கோடிக்குப் போய், போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, சரக்கு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் வியாபாரிகள் பத்திரிகைக்கு அழகல்ல. கேமராவை வாங்கி வைத்து விற்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்வோம். 1990-களில் பேன்சி ஸ்டோர்களில் கொடாக், கோனிகா பிலிம் சுருள்கள் மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் தொங்கின. டிஜிட்டல் வந்ததும் தேதி முடிந்த சுருளை யாரும் சீந்தவில்லை. கொடாக் கம்பெனியே 2012 ஜனவரியில் அமெரிக்காவில் திவால் மனுக் கொடுத்தது. மாடல் மாறுகிற சரக்கு நமக்கு ஒத்துவராது. மெமரி கார்டு, செல், சார்ஜர் ஒயர் அளவோடு வைக்கலாம். கார்டில் போலி நிறைய நடமாடுவதால் பில்லோடு கிடைக்கிற இடத்தில் மட்டுமே கொள்முதல் செய்ய வேண்டும்.

ஆனால் படம் எடுக்கிறவர்களுக்கு வேண்டிய பல சாமான்கள் நமது மளிகைக் கடையிலேயே இருக்கின்றன! பறவை எடுக்கிறவர்கள் கனமான லென்சைக் கார் ஜன்னலில் தாங்க வைக்கத் துணிப்பை ஒன்று வைத்திருப்பார்கள். சுமை வேண்டாம் என்று காலிப் பையோடு வந்து, வந்த ஊரில் இரண்டு கிலோ அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கொள்வார்கள். மஞ்சப்பையை இரட்டையாகத் தைத்து, வாயில் ஜிப் வைத்து, தட்டைப்பயறு நிரப்பி நாமே விற்றால் என்ன? முக்காலிக்கு அனுமதியில்லாத இடத்தில் அதுவே ஆதாரம். வீடு திரும்பியதும் பயறைக் குழம்பு வைத்துவிடலாம். வேறெந்தக் கேமரா சாமானுக்கும் அந்தச் சௌகரியம் கிடையாது.

சாம்பிராணிப் புகை இன்னொன்று. இருட்டறையில் ஜன்னல் வழியாக வெயில் வரும்போது லேசாகப் புகை போட்டால் வெயில் கோடு கோடாகத் தெரியும். கல்யாணப் படக்காரர்களின் பழைய வித்தை அது. கண்ணாடித் தட்டில் தண்ணீர் ஊற்றி, நல்லெண்ணெய் நாலு சொட்டு விட்டு, ஒரு ஜாண் கீழே வண்ணச் சேலையை விரித்து மேலிருந்து எடுத்தால், ஒவ்வொரு சொட்டும் ஒரு நிறக் கோளமாக நிற்கும். விடுமுறையில் பிள்ளைகள் செய்து பார்க்க இதைவிட மலிவான விளையாட்டு இல்லை. வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை முகத்துக்கு எதிரே பிடித்தால் நிழல் விழுந்த பக்கமும் துலங்கும். கோலப்பொடியைத் தூவி எடுக்கிற ஆசையை மட்டும் தடுத்துவிடுங்கள். அந்தத் தூள் லென்சுக்குள் போனால் ரிப்பேர்தான்.

மழைக்காலத்தில் லென்சில் பூஞ்சை பிடிப்பது நமது உளுந்தில் ஈரம் ஏறுவது போன்ற கதைதான், வைத்தியமும் அதுவே. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். உணவுப் பொருள் வைக்கிற டப்பாவாக மட்டும் அது இருக்கக் கூடாது. நனைந்த செல்போனை அரிசியில் புதைக்கிறோமே, அது வேண்டாம், தூசு உள்ளே போகும் என்று ஆப்பிள் கம்பெனி 2024-இல் எச்சரித்தது. அரிசி வியாபாரிகள் நாமே இதைச் சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள்.

டப்பா, சிலிக்கா ஜெல், மெல்லிய துடைப்புத் துணி, பயறுப் பை, சாம்பிராணி, சிறு பாட்டில் நல்லெண்ணெய், எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு துண்டுச் சீட்டு. இவற்றை ஒரு பையில் போட்டு, படம் எடுக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குத் தீபாவளி, பொங்கல் பரிசாக விற்கலாம், நெடுநாள் வாடிக்கைக்கு இலவசமாகவும் கொடுக்கலாம். வருடா வருடம் எவர்சில்வர் கிண்ணமே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டுமென்று சட்டமா?

சொந்தப் படம் போட்டு அடிக்க அச்சகங்கள் குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்கும், படத்துக்குத் தனிச் செலவும் சொல்லும். சிறு கடைகள் ஐந்தாறு சேர்ந்து ஒரே படத்தை எடுத்துக்கொண்டு, கடைப் பெயரை மட்டும் தனித்தனியாக அச்சிட்டுக்கொள்ளலாம். ஊருக்குப் பொதுவான ஒரு படம் என்றால் ஒரே லட்சுமி விவகாரம் மறுபடியும் வந்துவிடுமே என்று கேட்கலாம். ஆகவே மளிகைக்கு விமானம், அரிசி மண்டிக்கு ஏரி, முந்திரி வியாபாரிகளுக்கு முந்திரித் தோப்பு என்று பிரித்துக்கொள்வோம். அடுத்த கூட்டத்துக்கு, கைவசம் படம் வைத்திருக்கிற பிள்ளைகளையும் ஸ்டூடியோக்காரர்களையும் அழைத்து, படங்களை மேஜையில் பரப்பிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆவணிக்குள் முடிவானால்தான் அச்சகத்தில் இடம் கிடைக்கும். அதுவரை ஏஜெண்டிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.