எலுமிச்சம்பழம் சாதத்துக்கு, முகத்துக்கு இல்லை

நீளமான பதிவு. காபி கலந்து வைத்துக்கொண்டு படியுங்கள். கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறேன்.

போன மாதம் நம் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. வீட்டிலேயே ஸ்பா ஃபேஷியலாம், பத்தே நிமிடத்தில் முகம் வெள்ளையாகிவிடுமாம். ஒரு ஸ்பூன் சமையல் சோடா, அரை மூடி எலுமிச்சை, கொஞ்சம் டூத் பேஸ்ட். அனுப்பியவள் என்னிடம் அறிவியல் படித்தவள். லிட்மஸ் தாள் நிறம் மாறியதைப் பார்த்து வகுப்பே அதிரக் கை தட்டியவள். கீழே இதயம் போட்டவர்களில் பாதிப் பேர் அமிலம், காரம் பாடத்தில் என்னிடம் நல்ல மார்க் வாங்கியவர்கள். எல்லாவற்றையும் பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டீர்களா?

இதைச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அதே வீடியோ எங்கள் குடும்பக் குழுவுக்கும் வந்து, என் அண்ணன் பேத்தி அதைச் செய்து பார்த்துவிட்டாள். கல்லூரி இரண்டாம் வருஷம். முகத்தைக் கழுவியும் கழுவாமலும் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மத்தியான வெயிலில் நின்றிருக்கிறாள். சாயந்திரம் கன்னம் இரண்டும் எரிச்சல், மறுநாள் கொப்புளம், அப்புறம் பழுப்புத் திட்டு. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் இப்படி வெந்துபோகும் என்பது தோல் மருத்துவர்களுக்குப் பழைய கதை. திட்டு மறைய மாதக்கணக்காகும் என்கிறார் டாக்டர். எந்தக் கருப்பைப் போக்க உட்கார்ந்தாளோ அதைவிடக் கருப்பாக வாங்கிக்கொண்டு எழுந்திருக்கிறாள்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். தோலின் மேற்பரப்பு லேசான அமிலம், பி.எச். ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாறு 2க்குப் பக்கம். வித்தியாசம் மூன்றுதானே என்று கை தூக்காதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு, ஆக ஆயிரம் மடங்கு. சமையல் சோடா எதிர்ப்பக்கம், 8க்கு மேல். தோலின் மேல் இருக்கும் அந்த மெல்லிய அமிலப் பூச்சுதான் கிருமிகளைத் தடுக்கிறது, ஈரத்தைக் காக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, முகம் பளபளக்கிறது என்கிறீர்கள். வெந்த தோலும் பளபளக்கத்தான் செய்யும்.

இன்னொன்று. நிறம் தோலின் மேல் படிந்த அழுக்கு இல்லை. நிறமி செய்யும் செல்கள் வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். நம்முடையது அதிகமாக வேலை செய்கிறது, ஏனென்றால் நம் வெயில் அப்படி. தேய்த்தால் போவதற்கு அது என்ன ஈயச் சொம்பில் பிடித்த கரியா?

எலுமிச்சையோடு நின்றாலும் பரவாயில்லை. அது பலிக்கவில்லை என்றதும் அடுத்து மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். ஸ்டீராய்டு. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும், பக்கத்து வீட்டம்மா விசாரிப்பார். அப்புறம் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிய ஆரம்பித்து, பருவும் முகத்தில் முடியும் வரும். நிறுத்தினால் எரியும், எரிகிறதே என்று மறுபடி தடவுவார்கள். டாக்டர் சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018லேயே மத்திய அரசு இறுக்கியது. வாங்கிப் பாருங்கள், எத்தனை கடையில் சீட்டுக் கேட்கிறார்கள் என்று.

பாதரசக் கிரீம் அதைவிட மோசம். கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021க்கும் 2023க்கும் இடையில் ஒரே மாதிரியான சிறுநீரக நோயோடு அடுத்தடுத்து ஆட்கள் வருவதைக் கவனித்தார்கள். அதில் ஒரு வகை பாதிப்பு இருந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் தடவியவர்கள். முகத்தில் தடவியது கிட்னிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பாதரசம் நிறமி உண்டாவதைத் தடுக்கும், அதனால்தான் அதைக் கலக்கிறார்கள். பாதரசம் என்றால் என்ன என்று ஜப்பானில் மினமாட்டா ஊர் மீனவர்களைக் கேட்டால் தெரியும். உலக நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தத்துக்கே அந்த ஊர்ப் பெயர்தான்.

1975ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் ‘கொஞ்சம் நிறம் கம்மி’ என்று சொல்லிவிட்டு பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நானும் அந்த டியூபை வாங்கினேன். 2020ல் அந்தக் கம்பெனி பேரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றியது. பேர் மாற நாற்பத்தைந்து வருஷம். பெண் பார்க்க வருகிறவர்களின் வாய் இன்னும் மாறவில்லை.

கம்பெனியை மட்டும் திட்டினால் நான் யோக்கியம் ஆகிவிட மாட்டேன். பணிக்காலத்தில் ஓர் ஆண்டு விழாவில் பாரத மாதா வேடத்துக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வசனத்தை அழுத்தந்திருத்தமாகச் சொன்னவள் ஒருத்தி, நான் மேடை ஏற்றியது இன்னொருத்தியை. காரணம் உங்களுக்கே புரியும். முதல் பெண்ணைத் திரை இழுக்க வைத்தேன். அவள் இந்தப் பதிவைப் படிப்பாள், என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவள் அதைப் பற்றிக் கேட்டதில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் ஞாபகம் வந்து தொலைக்கிறது. தப்பு என்னுடையது, அம்மா.

இத்தனைக்கும் தமிழ் படித்தவர்கள் நாம். சங்கப் பாட்டில் அழகு என்பது மாமை, மாந்தளிர் நிறம். அது வெளுத்தால் பசலை, பிரிவில் வரும் நோய். வள்ளுவர் அந்த வெளுப்பைப் பற்றியே 119ஆம் அதிகாரம் முழுக்கப் புலம்ப விட்டிருக்கிறார். நாம் காசு கொடுத்துப் பசலை வாங்குகிறோம்.

‘அப்போ வீட்டில் எதுவுமே செய்யக் கூடாதா டீச்சர்’ என்று கேட்பீர்கள். யார் சொன்னது? வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு பயத்தம் மாவு பூசிக் குளித்தாளே என் அம்மா, அதுவும் ஃபேஷியல்தான். ஐந்து நிமிடம் மெதுவாக எண்ணெய் தேய்த்தால் ரத்த ஓட்டம் கூடி முகம் தெளியும், சில மணி நேரம் இருக்கும், அதுவே சந்தோஷம். பயத்தம் மாவை நன்றாகச் சலித்து, தயிரில் குழைத்துப் பூசுங்கள். தயிரில் இருப்பதும் அமிலம்தான், ஆனால் சாது. முல்தானி மட்டி பூசினால் முழுக்கக் காய விடாதீர்கள், ஈரம் இருக்கும்போதே கழுவுங்கள். ஆவி பிடிப்பதானால் முகத்தைப் பாத்திரத்துக்குள் நுழைக்க வேண்டாம். ஆவியில் துவாரம் ‘திறக்கும்’ என்பதும் கதை, அதைத் திறந்து மூட அங்கே தசை கிடையாது. சர்க்கரை, காபித் தூள் போட்டுத் தேய்ப்பது வெண்கலப் பாத்திரத்தோடு நிற்கட்டும். எதையும் முதல் நாள் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். எங்கள் தெரு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, கடைசிக் கழுவலுக்கு ஒரு சொம்பு கேன் தண்ணீர் எடுத்துக்கொள்கிறேன். என் மருமகள் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

வீடியோ அனுப்பிய பெண்ணே, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இரண்டு குழுவிலும் அதை இன்றைக்கே அழித்துவிடு. அழித்துவிட்டு எனக்கு ஃபோன் செய்.

அண்ணன் பேத்தி ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறாள். முகத்தில் டாக்டர் கொடுத்ததைத் தவிர எதுவும் படக் கூடாதாம். தலைக்கு மட்டும் நல்லெண்ணெய் காய்ச்சி வைத்துவிடலாம் என்றிருக்கிறேன்.