பெர்கன் துறைமுகத்து மரவீடுகள்

நார்வே தேசத்தின் மேற்குக் கரையில், பெர்கன் நகரத்துத் துறைமுகத்தை நோக்கி, சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வர்ணம் பூண்டு, வயோதிகத்தினால் ஒன்றன்மேல் ஒன்று சற்றே சாய்ந்து நிற்கும் கூர்முகட்டு மரவீடுகளை, அவ்வூரார் நாள்தோறும் கடந்து செல்கிறார்கள். பிரிகென் என்னும் அவ்வரிசையை வெறும் அழகுக் காட்சி என்று எண்ணிப் போய்விடுவது, சாசனத்தைக் கல்லென்று எண்ணிக் கடந்துபோவதற்கு ஒப்பாகும்.

ஏறக்குறைய 1360-இல் ஹான்சா என்னும் வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வர்த்தகர்கள் இங்கே தங்கள் பண்டகசாலையை நிலைநிறுத்தினார்கள். வடக்கே லோஃபோதன் தீவுகளில், காட் மீனைத் தலை நீக்கி, வயிறு கீறி, இரண்டிரண்டாக வாலில் பிணைத்து, உப்பே இடாமல் குளிர்காற்றில் உலர்த்திய கருவாடு இங்கு வந்து சேர்ந்தது. அதற்கு மாற்றாகத் தெற்கிலிருந்து தானியம் வந்தது. தாய்நாட்டை விட்டு வந்த இளம் பணியாளர்கள், மரவீடுகளில் தீ மூட்டலாகாது என்ற கண்டிப்பான விதியினால், கடுங்குளிரையும் கணப்பின்றிச் சகித்து, சூடான உணவுக்கும் சிறிது வெப்பத்துக்கும் பின்புறத்திலிருந்த தனிக் கூடங்களையே நாடினார்கள். அத்தனை ஜாக்கிரதை இருந்தும் 1702-இல் அக்கினி அனைத்தையும் விழுங்கிற்று. பழைய அமைப்பு வழுவாமல் மீண்டும் எழுப்பப்பட்டவற்றில் எஞ்சியவையே இன்று நாம் காண்பவை.

1955-இல் மறுபடியும் தீப்பற்றி ஒரு பகுதி சாம்பலானபோது, மிஞ்சியதையும் இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் ஆஸ்பியோர்ன் ஹெர்தைக் என்ற தொல்பொருள் ஆய்வாளரின் தலைமையில், எரிந்த மனையைப் பல்லாண்டுகள் பொறுமையாக அகழ்ந்தார்கள். ரூன் என்னும் பழைய வடஐரோப்பிய எழுத்துப் பொறித்த குச்சிகளும் பிறவுமாக 600-க்கும் மேற்பட்ட பொறிப்புகள் வெளிப்பட்டன. பல, சரக்குமூட்டைகளில் உரியவன் பெயரைச் சொல்லிய சீட்டுகள். ஒரு குச்சியோ, கூதா என்பவள் உன்னை வீட்டுக்கு வரச் சொல்கிறாள் என்ற செய்தியைத் தாங்கியிருந்தது. அரசர்களின் யுத்தங்களை ஏடுகள் காக்கும். ஒரு பெண் வீட்டில் காத்திருந்த மாலைப்பொழுதை மண்தான் காத்தது.

1979-இல் யுனெஸ்கோ பிரிகெனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அரண்மனைகளுக்கும் ஆலயங்களுக்கும் கிட்டும் கௌரவம் கருவாட்டுக் கிடங்குகளுக்கும் உரியது என்பதே அதன் பொருள் என்று நான் கொள்கிறேன். ஏனெனில் சாமானியர்களின் சரித்திரத்துக்கு அவர்கள் உழைத்த இடமே ஆதாரம். எரிந்த மனையை அன்றே நிரவிப் புதுக் கட்டடம் எழுப்பியிருந்தால், கூதா என்றொருத்தி வாழ்ந்தாள் என்பதே உலகம் அறியாமற் போயிருக்கும். ஆகையால், எந்த ஊரானாலும், பழைய தெருவில் கடப்பாரை விழுமுன் அதன் கதையைக் கேட்டறிவது நமது கடமை.