மூடிய கையைத் திறந்து காட்டினால் போதுமா?

கம்பம் பள்ளத்தாக்கில் நாம் நடத்தும் மாலைநேரப் படிப்பு வட்டத்தில் கல்லூரித் தம்பி ஒருவன் தன் செல்போனை நீட்டினான். "அண்ணே, இது பழைய ரம்மி ஆப் மாதிரி இல்ல. இதுல அவன் ஏமாத்தவே முடியாது. நாமளே செக் பண்ணிக்கலாம்" என்றான். திரையில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரி. அதன் கீழே, இந்த ஆட்டத்தின் நியாயம் நிரூபிக்கப்பட்டது என்ற பொருளில் ஓர் அறிவிப்பு. அன்று அவன் அதில் கட்டியிருந்தது, ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறும் அவன் அம்மாவின் நான்கு நாள் கூலி.

நாம் அவனைத் திட்டவில்லை. அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் புரிந்துகொள்வோம் தோழர்களே. மீதிப் பாதி அப்போதுதான் விளங்கும்.

சின்ன வயதில் புளியங்கொட்டையை வைத்து 'ஒத்தையா ரெட்டையா' விளையாடியிருப்போம். ஒருவர் கொட்டைகளை அள்ளிக் கையை மூடிக்கொள்வார். மற்றவர் சொல்வார். பிறகு கை திறக்கும். நீங்கள் சொன்ன பிறகு ஒரு கொட்டையை நழுவவிட முடியாது என்பதுதான் அந்த ஆட்டத்தின் நேர்மை. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கையைக் கண்ணால் பார்க்கிறோம். கடல் தாண்டி இருக்கும் சர்வரின் கையை எப்படிப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்குக் கணிதவியலாளர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை தேடிவிட்டார்கள். நேரில் சந்திக்காத இருவர் சீட்டாட முடியுமா என்று ஷமீர், ரிவெஸ்ட், ஏடெல்மன் மூவரும் 1979-இல் எழுதினார்கள். தொலைபேசியில் நாணயம் சுண்டுவது எப்படி என்று மானுவல் புளும் 1981-இல் எழுதினார். இன்றைய சூதாட்டத் தளங்கள் செய்வதும் அதன் வழிவந்ததுதான்.

சர்வர் முதலில் ஒரு ரகசிய எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. அதை 'விதை' என்பார்கள். அந்த விதையை எஸ்.எச்.ஏ.-256 போன்ற கணக்கீட்டில் போட்டால் 64 எழுத்து நீளமுள்ள ஒரு கைரேகை கிடைக்கும். அதன் பெயர் ஹாஷ். கைரேகையிலிருந்து விதையைக் கண்டுபிடிக்க முடியாது. விதையில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கைரேகை முழுதும் மாறிவிடும். ஆட்டத்துக்கு முன்பே கைரேகையை உங்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். அதுதான் மூடிய கை. நீங்களும் உங்கள் பங்குக்கு ஒரு விதை போடுகிறீர்கள். இரண்டு விதையும் ஆட்டத்தின் வரிசை எண்ணும் சேர்ந்துதான் பகடையில் என்ன விழும் என்பதைத் தீர்மானிக்கின்றன. பின்னர் சர்வர் தன் விதையை வெளியிடுகிறது. நீங்களே அதை ஹாஷ் செய்து, முன்பு வாங்கிய கைரேகையோடு ஒத்துப்பார்க்கலாம். ஒத்துப்போனால், நீங்கள் பந்தயம் கட்டிய பிறகு முடிவை யாரும் மாற்றவில்லை என்று பொருள்.

இது மோசடி வித்தை அல்ல, நல்ல கணிதம். வெறும் "நம்புங்கள்" என்பதைவிட எவ்வளவோ மேல். 1999-இல் ஓர் இணைய போக்கர் மென்பொருள் நிறுவனம் தன் சீட்டுக் குலுக்கல் நேர்மையானது என்று காட்ட அந்த நிரலை வெளியிட்டது. 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கை, 8-க்குப் பின்னால் 67 சுழியங்கள் போடுமளவு பெரியது. அந்த நிரலோ நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி விநாடிகளை வைத்துக் குலுக்கியது. ஒரு நாளைக்கு மொத்தமே 8.64 கோடி மில்லி விநாடிகள்தான். அமெரிக்கப் பாதுகாப்பு நிபுணர்கள் சிலர் சர்வரின் கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்து அதையும் சுமார் 2 லட்சமாகக் குறைத்தார்கள். மேசையில் விழுந்த சில சீட்டுகளைக் கொண்டே எல்லார் கையிலும் இருப்பதைச் சொல்லிவிட்டார்கள். திறந்து காட்டியதால்தான் ஓட்டை தெரிந்தது.

ஆனால் குலுக்கல் நேர்மையாக இருந்தால் ஆட்டம் நேர்மையாகிவிடுமா? 2007-இல் அப்சலூட் போக்கர் என்ற தளத்தில், உள்ளே இருந்தவர்களின் கணக்கு ஒன்றுக்கு மற்றவர்களின் சீட்டெல்லாம் தெரிந்திருந்தது. ஆட்டப் பதிவுகளை அலசி அதைக் கண்டுபிடித்தவர்கள் பணத்தை இழந்த ஆட்டக்காரர்களே. சீட்டைக் குலுக்கியதில் அங்கே குற்றமில்லை. ஒருவருக்கு மட்டும் இன்னொரு கண் இருந்தது.

அந்தக் கண்ணும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். சம திறமையுள்ள இருவர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள். நடத்துபவர் பத்து சதவீதம் கமிஷன் எடுக்கிறார். ஜெயித்தவருக்கு 180 ரூபாய். இருபது ஆட்டத்தில் ஆளுக்குப் பத்து ஜெயம். இருவரும் கட்டியது தலா 2,000. திரும்ப வந்தது தலா 1,800. ஒருவரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் இருவரும் தோற்றார்கள். 400 ரூபாய் நடத்துபவரின் பையில். எந்த ஹாஷும் இதைத் தடுக்காது. தளம் வெல்லும் என்பது விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த விதி ஒழுங்காக நடந்தது என்பதைத்தான் ஹாஷ் உறுதிசெய்கிறது.

நம் எல்லைப் பகுதிக்கு இது புதிய பாடம் அல்ல. தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இல் தடைசெய்யப்பட்டது. அதன் பிறகும் மூணு நம்பர் லாட்டரி ஓடுகிறது. அதை ஏன் நம்புகிறார்கள்? கடைசி மூன்று இலக்கம் கேரள லாட்டரி முடிவிலிருந்து வருகிறது. திருவனந்தபுரத்தில் பொதுவில் குலுக்கி நாளிதழில் அச்சாகும் எண்ணை நம்மூர் ஏஜென்ட் மாற்ற முடியாது. கம்ப்யூட்டர் இல்லாமலே நிரூபிக்கப்பட்ட நியாயம் அது. ஆனால் மூன்று இலக்கம் என்றால் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. ஆயிரம் மடங்கு கொடுத்தால்தான் கணக்கு நேராகும். அப்படிக் கொடுக்கும் ஏஜென்ட்டை நாம் பார்த்ததில்லை.

சட்டமும் இதே பிழையைச் செய்தது. 2022-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்ற வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி அவற்றின் மீதான தடையை மட்டும் நீக்கியது. திறமையா அதிர்ஷ்டமா என்பது ஆட்டத்தைப் பற்றிய கேள்வி. தோற்றவர் வீட்டில் மறுநாள் அடுப்பு எரியுமா என்பது வேறு கேள்வி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமின்றிப் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்தது. தம்பி காட்டியது போன்ற தளங்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு கிரிப்டோ நாணயத்தில் நடப்பவை. ஜெயித்த பணத்தை எடுக்க விடாமல் கணக்கை முடக்கினால் எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது? அதற்கு ஹாஷ் இல்லை.

1949 நவம்பர் 25-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் சமமின்மையுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று எச்சரித்தார். பகடை எல்லாருக்கும் ஒரே மாதிரி விழலாம். ஆனால் ஒருவர் கட்டுவது உபரிப் பணம், இன்னொருவர் கட்டுவது அரிசிக் காசு. காலனியில் ஒரு வீடு ஒரே இரவில் இழந்ததை மீட்கக் குழுக் கடன், கந்துவட்டி, நகை என்று வரிசையாகப் போக வேண்டியிருக்கிறது. சகுனியின் பகடையைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்தப் பகடை நேர்மையாக உருண்டிருந்தால் பாஞ்சாலியைப் பணயம் வைத்தது சரியாகியிருக்குமா என்று கேட்பதில்லை.

போடியிலும் புற்றடியிலும் ஏலக்காய் மின்னணு ஏலத்தில் விற்கிறது. கேட்கும் விலை எல்லார் திரையிலும் தெரிகிறது. அங்கே வியாபாரி வியாபாரியை ஏமாற்ற முடியாது. ஆனால் அந்தக் காயைப் பறித்த பெண் அந்தத் திரையின் முன்னால் இல்லை. அவள் எத்தனை நாள் வேலைக்கு வந்தாள் என்பதற்கு, பல இடங்களில், மேற்பார்வையாளரின் நோட்டு ஒன்றுதான் சாட்சி. அதைத் திருத்தினால் காட்டிக்கொடுக்க எந்தக் கைரேகையும் கிடையாது. பந்தயம் கட்டுபவரின் நம்பிக்கைக்கு இவ்வளவு கணிதம் செலவாகிறது. கூலி வாங்குபவரின் நம்பிக்கைக்கு ஒரு ரசீது கூட இல்லை.

தம்பியிடம் நாம் சொன்னது இதுதான். சரிபார்க்கக் கற்றுக்கொண்டாய், நல்லது. அந்தப் பழக்கத்தை விடாதே, இடத்தை மாற்று. நூறு நாள் வேலையின் வருகைப் பட்டியலை இணையத்தில் பார்த்து, தெருவில் உள்ளவர்கள் உண்மையில் வேலை செய்த நாட்களோடு ஒத்துப்பார். சமூகத் தணிக்கை என்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்ட உரிமை. அம்மா வேலைக்குப் போன நாட்களைத் தனி நோட்டில் தேதி போட்டு எழுதிவை. மூடிய கையைத் திறக்கச் சொல்ல வேண்டிய இடங்கள் நம் ஊரிலேயே நிறைய இருக்கின்றன. அங்கே கேட்கும் கேள்விக்குக் கமிஷன் கட்ட வேண்டியதில்லை.