வகை தெரிந்தால் போதுமா?

"உன் இரத்தம் என்ன வகை?" என்று கேட்டால், இன்று பள்ளிச் சிறுவனும் பதில் சொல்லுவான். 'ஓ பாசிட்டிவ்' என்பான். 'பி நெகட்டிவ்' என்பான். பள்ளி அடையாள அட்டையிலே அச்சிட்டிருக்கிறார்கள். வண்டி ஓட்டும் உரிமத்திலே பொறித்திருக்கிறார்கள். நல்ல வளர்ச்சிதான், நாம் மகிழ்கிறோம். ஆனால், வகை தெரிந்துவிட்டது, இனி வேலை இல்லை என்று எண்ணிவிடுகிறார்களே, அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது! வகை என்பது ஒரு கேள்விக்கு விடை. அதை அடுத்து இன்னொரு கேள்வி உண்டு: இந்த இரத்தத்திலே, மற்றவர் இரத்தத்தை எதிர்த்து அழிக்கும் பொருள் ஏதேனும் உருவாகியிருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வெறுமையான தொட்டில்கள் எத்தனை!

முதற் குழந்தை நன்றாகப் பிறந்தது, வீடு மகிழ்ந்தது. இரண்டாவது குழந்தை பிறந்த அன்றே உடலெல்லாம் மஞ்சள் பூத்தது. சில நாளில் கண்ணை மூடியது. மூன்றாவது, வயிற்றிலேயே மடிந்தது. ஊருக்கு ஊர் நடந்த கதை இது. ஊர் என்ன சொல்லிற்று? 'இவள் ராசி அப்படி' என்றது. 'தோஷம்' என்றது, 'செய்வினை' என்றது. கயிறு கட்டினார்கள், கழிப்புக் கழித்தார்கள், கடைசியில், 'குலம் விளங்க வேறொருத்தி வேண்டும்' என்று இன்னொரு தாலிக்கும் ஏற்பாடு செய்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளும் அவள்; பழியைச் சுமந்தவளும் அவள்! அவள் செய்த குற்றம் என்ன? ஒரு குற்றமும் இல்லை. அவள் இரத்தத்திலே ஒரு பொருள் இல்லை. கணவனின் இரத்தத்திலே அது இருந்தது. அவ்வளவுதான்!

அந்தப் பொருளை விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வரலாற்றைச் சற்றே பார்ப்போம். 1901ஆம் ஆண்டு வியன்னா நகரிலே கார்ல் லாண்ட்ஸ்டைனர், மனித இரத்தம் எல்லாம் ஒன்றல்ல, ஏ, பி, ஓ என்று பிரிவுகள் உண்டு என்று காட்டினார். நான்காவதான ஏபி அடுத்த ஆண்டிலே தெரியவந்தது. இரத்தத்தின் பிரிவுகள்தாம் இவை. இவற்றிலே மேல் இல்லை, கீழ் இல்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளிலே ஒருவன் ஏ ஆக இருப்பான், மற்றவன் ஓ ஆக இருப்பான்! 1939இலே அமெரிக்காவில் லெவின், ஸ்டெட்சன் என்ற இருவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். இறந்த குழந்தையைப் பெற்றவள்; இரத்தம் இழந்தவள். கணவனும் ஓ, அவளும் ஓ. ஆகவே கணவனின் இரத்தத்தையே ஏற்றினார்கள். ஏற்றியதும் அவள் உயிருக்கே ஆபத்து வந்தது! ஓ வகையைச் சேர்ந்த 104 பேருடைய இரத்தத்தோடு அவள் இரத்த நீரைக் கலந்து பார்த்தார்கள். 80 பேருடைய இரத்தம் திரிந்து கட்டி கட்டியாயிற்று. வகை ஒன்றாக இருந்தும் இரத்தம் ஒத்துப் போகவில்லை! அடுத்த ஆண்டு, 1940இலே, லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ஆர்.எச். என்ற பொருளை அறிவித்தார்கள். ரீசஸ் குரங்கை வைத்து நடத்திய ஆராய்ச்சியாதலால் அந்தப் பெயர். இது உள்ளவர் பாசிட்டிவ், இல்லாதவர் நெகட்டிவ். ஐரோப்பிய மக்களிலே நூற்றுக்கு 15 பேர் அளவுக்கு நெகட்டிவ். நம் நாட்டிலே நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர். ஐந்துதானே என்று அலட்சியம் செய்யலாமா? நூறு கர்ப்பிணிகள் வரும் மருத்துவமனையிலே ஐந்து தாய்மார்கள்!

தாய் நெகட்டிவ், தந்தை பாசிட்டிவ், வயிற்றுக் குழந்தை தந்தையைக் கொண்டு பாசிட்டிவ். பிரசவ நேரத்திலே குழந்தையின் இரத்தம் சிறிதளவு தாயின் உடலுக்குள் கலந்துவிடுகிறது. தாயின் உடல், 'இது அயலான் இரத்தம்' என்று கண்டு, அதை அழிக்க எதிர்ப்பொருள் ஒன்றை உண்டாக்குகிறது. ஆன்டிபாடி என்று மருத்துவர்கள் சொல்லுவது அதைத்தான். அது உருவாகும் முன்பே முதற் குழந்தை வெளியே வந்துவிடுகிறது. அதனால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அடுத்த கருவும் பாசிட்டிவ் ஆனால்? காத்திருக்கும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சென்று குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. சோகை, வீக்கம், மஞ்சள் காமாலை, மரணம்! நோய்க் கிருமியிடமிருந்து நம்மைக் காக்கும் அதே ஆற்றல், ஆளறியாமல் பிள்ளை மீது பாய்கிறது. இதிலே தாயின் ராசி எங்கே வந்தது?

அந்த எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று முன்கூட்டியே அறிய வழியுண்டா? உண்டு. 1945ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலே, கால்நடை மருத்துவம் படித்த ராபின் கூம்ப்ஸ், மௌரண்ட், ரேஸ் என்ற இருவரோடு சேர்ந்து வழி கண்டார். சிக்கல் என்ன தெரியுமா? இந்த எதிர்ப்பொருள் சிவப்பணுவின் மேலே ஒட்டிக்கொள்ளும். ஆனால் இரண்டு அணுக்களை இழுத்துப் பிணைக்க அதற்கு நீளம் போதாது. ஆகவே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கூம்ப்ஸ் என்ன செய்தார்? மனிதனின் எதிர்ப்பொருளையே பற்றிப் பிடிக்கும் இன்னொரு எதிர்ப்பொருளை முயலிலே உண்டாக்கினார். அதைச் சேர்த்ததும், அணுக்களுக்கு இடையே பாலம் விழுந்தது. அவை திரண்டு கட்டியாயின. மறைந்திருந்தது வெளிப்பட்டது! கூம்ப்ஸ் சோதனை என்று உலகம் அதை அழைக்கிறது.

இன்று மருத்துவமனையிலே செய்வதும் அதன் வழி வந்ததுதான். கையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுப்பார்கள். அதன் நீரை, இன்னின்ன பொருள் இருக்கிறது என்று முன்பே தெரிந்த ஓ வகைச் சிவப்பணுக்களோடு கலந்து, உடல் சூடாகிய 37 பாகை செல்சியசில் வைத்து, கூம்ப்ஸ் மருந்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். திரண்டால் எதிர்ப்பொருள் உண்டு; திரளாவிட்டால் இல்லை. தாயிடம் செய்வது மறைமுகச் சோதனை. பிறந்த குழந்தையின் சிவப்பணுவிலே எதிர்ப்பொருள் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது நேரடிச் சோதனை. தாய்க்கு ஒன்று, சேய்க்கு ஒன்று என்று நினைவிலே கொண்டால் போதும்.

எப்போது தேவை? முதலாவது, கருவுற்று மருத்துவமனைக்குப் போகும் முதல் முறையிலேயே. வகை பார்க்க எடுக்கும் இரத்தத்திலேயே இதையும் பார்க்கலாம். இன்னொரு ஊசிக் குத்துக்கூட வேண்டாம். நெகட்டிவ் தாய்க்கு, 28ஆம் வாரத்திலே மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டாவது, கரு கலைந்தாலும், கலைத்தாலும், கரு குழாயிலே தங்கினாலும், கர்ப்ப காலத்திலே இரத்தம் போனாலும், வயிற்றிலே அடிபட்டாலும் தேவை. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மறைத்த ஒரு கருச்சிதைவு, பின்னால் வரும் பிள்ளைக்கு எமனாகலாம்! மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மூன்றாவது, இரத்தம் ஏற்றிக்கொள்ளும் முன்பு. நான்காவது, பிறந்த குழந்தைக்குச் சீக்கிரமே மஞ்சள் கண்டால். அப்போது குழந்தைக்கு நேரடிச் சோதனை.

சோதனையிலே எதிர்ப்பொருள் இல்லை என்று வந்தால், அது இனியும் வராமல் தடுக்க ஊசி இருக்கிறது. ஆன்டி-டி என்பது அதன் பெயர். 1960களிலே நியூயார்க்கிலும் லிவர்பூலிலும் ஆராய்ந்து கண்டார்கள். 1968இலே அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. 28ஆம் வாரத்திலே ஒரு முறை. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் மறுமுறை. தாயின் உடல் விழித்துக்கொள்ளும் முன்பே, உள்ளே நுழைந்த குழந்தை இரத்தத்தை அது துடைத்துவிடுகிறது. ஊசி இல்லாத காலத்திலே, பாசிட்டிவ் குழந்தை பெற்ற நெகட்டிவ் தாய்மார் நூற்றுவரிலே ஏறத்தாழ 16 பேருக்கு எதிர்ப்பொருள் உருவாயிற்று. பிரசவத்துக்குப் பின் போடும் ஊசியாலேயே அது இரண்டுக்கும் கீழே இறங்கிற்று. 28ஆம் வார ஊசியும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. ஆனால் ஒன்று: எதிர்ப்பொருள் உருவான பின்பு இந்த ஊசியால் பயன் இல்லை. வெள்ளம் வந்தபின் அணை கட்ட முடியுமா? அதனால்தான் சோதனை முந்த வேண்டும் என்கிறோம்.

அந்த ஊசி மருந்து எங்கிருந்து வருகிறது? மனிதர்கள் தரும் இரத்தத்திலிருந்துதான்! ஆஸ்திரேலியாவிலே ஜேம்ஸ் ஹாரிசன் என்ற மனிதர் இருந்தார். பதினான்கு வயதிலே அறுவை மருத்துவம். பிறர் தந்த இரத்தத்தால் பிழைத்தார். பதினெட்டு வயது நிறைந்ததும், 1954 முதல் தாமும் தரத் தொடங்கினார். அவர் இரத்தத்திலே இந்த எதிர்ப்பொருள் மிகுந்திருந்தது. 2018 வரை 1,173 முறை கொடுத்தார். அதனால் பயனடைந்த குழந்தைகள் 24 இலட்சம் என்று அந்நாட்டிலே கணக்கிட்டிருக்கிறார்கள். 2025இலே, 88ஆம் வயதில் மறைந்தார். படை நடத்தவில்லை, பட்டம் சூடவில்லை. கை நீட்டிப் படுத்தார், குழந்தைகள் பிழைத்தன!

'நான் பாசிட்டிவ், எனக்கு எதற்கு இந்தச் சோதனை?' என்று கேட்பவர் உண்டு. ஆர்.எச். ஒன்று மட்டுமே இரத்தத்திலே இருக்கும் பொருள் அல்ல. கெல், டஃபி, கிட் என்று இன்னும் பல உண்டு. முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கு அவற்றுக்கு எதிரான பொருள் உருவாகியிருக்கலாம். பாசிட்டிவ் தாயின் பிள்ளையையும் அது தாக்கலாம். பிரிட்டன் போன்ற நாடுகளிலே கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் இந்தச் சோதனை செய்வது இதனால்தான். தலசீமியா நோயால் மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் சிறுவர்களுக்கோ இது உயிர்ப் பிரச்சினை. ஒரு முறை கண்ட எதிர்ப்பொருள் நாளடைவிலே மங்கி, சோதனையிலே தெரியாமலும் போகலாம்; ஆனால் அதே இரத்தம் மறுபடி ஏறினால் பொங்கி எழும்! ஆகவே, கண்டதை அட்டையிலே எழுதி வாங்கி, வாழ்நாள் முழுதும் கையிலே வைத்திருக்க வேண்டும். 1952இலே பம்பாயில் பெண்டே என்ற மருத்துவரும் தோழர்களும் கண்ட 'பம்பாய் வகை'யை எண்ணிப் பாருங்கள். சாதாரணச் சோதனையிலே ஓ என்று தோன்றும். ஓ இரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே கேடு! எதிர்ப்பொருளைத் தேடும்போதுதான் உண்மை வெளிப்படும். வகைச் சீட்டை மட்டும் நம்பலாமா?

முடிவுச் சீட்டைப் படிப்பதிலே ஒரு குழப்பம் உண்டு; தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 'ஆர்.எச். நெகட்டிவ்' என்றால் இரத்தத்தின் வகை. 'கூம்ப்ஸ் நெகட்டிவ்' என்றால் எதிர்ப்பொருள் இல்லை. அது நல்ல செய்தி. நெகட்டிவ் என்ற சொல்லைக் கண்டதும் கலங்குவதும் தவறு. இரண்டையும் ஒன்றாக்கி, ஊசி வேண்டாம் என்று வீடு திரும்புவது அதைவிடத் தவறு! கூம்ப்ஸ் பாசிட்டிவ் என்று வந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். குழந்தையைத் தீண்டாத எதிர்ப்பொருளும் உண்டு. ஆன்டி-டி ஊசி போட்டபின் இரத்தம் எடுத்தால், ஊசியே பாசிட்டிவ் காட்டும். ஆகவே இரத்தம் முதலில், ஊசி பிறகு. உண்மையிலேயே கேடான எதிர்ப்பொருளானால், அதன் அளவைத் தொடர்ந்து பார்ப்பார்கள். குழந்தைக்குச் சோகை வருகிறதா என்று ஸ்கேன் செய்து அறிவார்கள். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கே இரத்தம் ஏற்றுவார்கள். 1963இலே நியூசிலாந்தின் லைலி செய்து காட்டிய வழி அது. மண்ணுக்குள் போன பிள்ளைகளை மடிக்குத் திருப்பித் தந்த வழி!

இதைப் படித்துவிட்டு, பெண் பார்க்கப் போகும் இடத்திலே, 'பெண்ணின் இரத்தம் நெகட்டிவா?' என்று கேட்டு எழுந்து வந்துவிடாதீர்கள்! பழைய ஜாதகத்தின் இடத்திலே புதிய ஜாதகம் எழுதவா விஞ்ஞானம் உழைத்தது? நெகட்டிவ் என்பது நோயல்ல, குறையல்ல. ஒரு சோதனையும் ஓர் ஊசியும் காக்கக்கூடிய பெண்ணை ஒதுக்குவது அறிவும் அல்ல, நேர்மையும் அல்ல. 'ஒரே வகை இரத்தம் உள்ளவர் மணக்கக் கூடாது' என்று சிலர் சொல்லுகிறார்களே, அதற்கும் ஆதாரம் ஏதும் இல்லை.

அரசினரை நாம் கேட்பது இதுதான்: வகை பார்க்கும் இடத்திலெல்லாம் இந்தச் சோதனைக்கும் வழி இருக்கட்டும்; இரத்த மையங்கள் எல்லாவற்றிலும் இது வழக்கமாகட்டும்; ஆன்டி-டி ஊசி, நெகட்டிவ் தாய் பிரசவிக்கும் மருத்துவமனையிலே கையிருப்பில் இருக்கட்டும். பணமுள்ளவள் பிள்ளை பிழைக்க, பணமற்றவள் பிள்ளை மாளலாமா?

தாய்மார்களே, உங்களைக் கேட்பது ஒன்று: தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். வகை எழுதியிருக்கும். அதன் பக்கத்திலே எதிர்ப்பொருள் சோதனையின் முடிவு எழுதியிருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த முறை போகும்போது கேளுங்கள். கணவன்மார்களே, அவள் கேட்கத் தயங்கினால் நீங்கள் கேளுங்கள். கேட்பதற்குக் கூசினால், பறிகொடுத்தபின் அழவேண்டி வரும்!